நாளைக்குக் கச்சேரி இருக்கிறது: பாப் இசைத் தொழிலில் மாத்திரையும் மருத்துவரும்

கிராமபோன்_கணேசன் (இழையைத் தொடங்கியவர்)

பாப் பாடகர்களும் போதையும் என்றாலே நமக்கு ஒரே கதைதான் சொல்லப்படுகிறது. சின்ன வயதில் புகழ் வந்தது, பணம் கொட்டியது, சேர்க்கை சரியில்லை, கடைசியில் ஓட்டல் அறையில் பிணமாகக் கிடந்தார். ஆள் பலவீனமானவர், அதனால் அழிந்தார். அவ்வளவுதான். இந்தக் கதை மீது எனக்கு நெடுநாளாக மனத்தாங்கல் உண்டு. அந்த ஆள் மறுநாள் மேடை ஏறியே ஆக வேண்டும் என்ற தேவை யாருக்கு இருந்தது என்ற கேள்வியை இது கேட்பதே இல்லை.

எல்விஸ் பிரெஸ்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 1977 ஆகஸ்ட் 16 அன்று மெம்பிஸில் தன் வீட்டுக் குளியலறையில் இறந்துகிடந்தார். வயது 42. அன்று இரவு அவர் மேய்ன் மாநிலத்தின் போர்ட்லாண்டுக்கு விமானம் ஏறியிருக்க வேண்டும். மறுநாள் அங்கே புதிய சுற்றுப்பயணம் தொடங்குவதாக இருந்தது.

அவருடைய மருத்துவர் ஜார்ஜ் நிக்கோபூலஸ். அந்த 1977இன் முதல் எட்டு மாதங்களில் மட்டும் எல்விஸ் பெயரில் அவர் எழுதிக்கொடுத்த தூக்க மருந்து, ஊக்க மருந்து, வலி மருந்து எல்லாம் சேர்த்து 10,000 டோஸுக்கு மேல். நாளுக்கு நாற்பதுக்குக் குறையாது. கூடப் பயணம் செய்த மொத்தக் குழுவுக்கும் சேர்த்துத்தான் எழுதினேன் என்று அவர் பிறகு வாதாடினார். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஒரு கச்சேரிக் குழுவுக்கு இவ்வளவு மாத்திரை எதற்கு? மேடைக்கு முன் உசுப்ப ஒன்று, மேடை முடிந்ததும் அடக்க ஒன்று, விடிந்ததும் எழுப்ப ஒன்று. இது வேலை அட்டவணைக்கு எழுதிய மருந்துச்சீட்டு.

அந்த அட்டவணையைப் பாருங்கள். 1969இல் லாஸ் வேகாஸ் இன்டர்நேஷனல் ஓட்டலில் முதல் ஒப்பந்தம்: 29 நாட்களில் 57 நிகழ்ச்சிகள். முதல் நாள் ஒன்று, அப்புறம் தினம் இரண்டு, ஒரு நாள் கூட ஓய்வில்லை. 1973இல் மட்டும் 168 கச்சேரிகள். அதே ஆண்டு அக்டோபரில் மருத்துவமனையில் படுக்க வைத்தார்கள். அதே ஆண்டில்தான் அவருடைய மேலாளர் 'கர்னல்' டாம் பார்க்கர், அதுவரை எல்விஸ் பாடிய பாடல்களின் உரிமையை ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்துக்கு 54 லட்சம் டாலருக்குக் கொடுத்துவிட்டார். எல்விஸின் வருமானத்தில் பாதி வரை கர்னலுக்குப் போய்க்கொண்டிருந்தது. இது மிக அதிகம் என்று பிற்பாடு நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞரே அறிக்கை கொடுத்தார். கர்னலுக்கு வேகாஸ் சூதாட்ட மேசைகளில் பெருந்தொகை விடும் பழக்கமும் இருந்தது. எல்விஸ் ஓய்வெடுத்தால் யாருடைய வருமானம் நிற்கும் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்விஸ் இறந்து இரண்டே நாளில், ஆகஸ்ட் 18 தேதியிட்டு, அவர் முகத்தைப் போஸ்டரிலும் பொருள்களிலும் அச்சடித்து விற்கும் உரிமைக்கு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது.

மருத்துவருக்கு 1980இல் மூன்று மாதம் உரிமம் நிறுத்தம். 1981இல் குற்றவியல் வழக்கில் விடுதலை. 1995இல்தான் உரிமம் நிரந்தரமாகப் பறிபோனது, அதுவும் வேறு நோயாளிகளுக்கும் அளவு மீறி எழுதினார் என்பதற்காக.

உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுங்கள்.

பேஸ்_பிரவீன்

கணேசன் சார், நல்ல இழை. ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை.

எல்விஸ் ஒன்றும் கொத்தடிமை இல்லை. உலகத்திலேயே புகழ்பெற்ற மனிதர். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யார் என்ன செய்திருப்பார்கள்? அவரைத் தட்டிக்கேட்ட ஆட்களும் இருந்தார்கள். சிறுவயதுத் தோழர் ரெட் வெஸ்ட் உட்பட மூன்று மெய்க்காவலர்கள் 1976இல் வேலையை விட்டு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் மாத்திரை விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிப் புத்தகம் போட்டார்கள். அது வெளிவந்தது எல்விஸ் இறப்பதற்கு இரண்டு வாரம் முன்னால். 1970 டிசம்பரில் இதே எல்விஸ் வெள்ளை மாளிகைக்குப் போய் அதிபர் நிக்சனைப் பார்த்து, போதைத் தடுப்புத் துறையின் பேட்ஜ் கேட்டு வாங்கி வந்தார். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அது போதை இல்லை என்று தன்னையே நம்பவைத்துக்கொண்ட மனிதர். கர்னல் என்ன செய்வார்?

இன்னொன்று. இசையில் போதைக்கு ஒரு பங்கு உண்டு என்பதையும் மறைக்கக்கூடாது. அறுபதுகளின் பிற்பகுதியில் வந்த அந்த ஒலியெல்லாம் தெளிந்த மூளையில் பிறந்தவையா?

நூலகத்துப்_பறவை

பிரவீன், கடைசியாகச் சொன்னதை அப்படியே விட முடியாது. இந்த நம்பிக்கைக்கு ஜாஸ் உலகம் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல.

சார்லி பார்க்கர் (கர்னல் பார்க்கர் வேறு, இவர் சாக்ஸபோன் மேதை) ஹெராயின் எடுத்தார், மேதையாகவும் இருந்தார். அதனால் ஹெராயின் எடுத்தால் அப்படி வாசிக்கலாம் என்று ஒரு தலைமுறையே ஊசி குத்திக்கொண்டது. பார்க்கர் இறந்தது 1955இல், 34 வயதில். உடலைப் பார்த்த அதிகாரி வயதை ஐம்பதிலிருந்து அறுபதுக்குள் என்று குறித்தார்.

1946 ஜூலை 29, லாஸ் ஏஞ்சலஸ், டயல் என்ற சின்ன இசைத்தட்டுக் கம்பெனியின் ஒலிப்பதிவு. பார்க்கருக்கு ஹெராயின் விற்று வந்தவர் கைதாகிவிட்டார், சரக்கு கிடைக்கவில்லை, அதற்குப் பதில் மதுவைக் குடித்துத் தள்ளாடி வந்திருந்தார். 'லவர் மேன்' பாடலைக் கேட்டுப் பாருங்கள். பியானோ முன்னிசை முடிகிறது, பார்க்கர் உள்ளே வரவில்லை. பியானோக்காரர் சமாளித்துக்கொண்டே போகிறார். தாமதமாக வரும் சாக்ஸபோன் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி நடுவிலேயே விட்டுவிடுகிறது. மேதையிடம் மூச்சு இருக்கிறது, பிடிமானம் இல்லை. அன்று இரவே ஓட்டல் அறையில் தீப்பிடித்து, போலீஸ் வந்து, கடைசியில் கமரில்லோ மனநல மருத்துவமனையில் ஆறு மாதம் இருந்தார்.

கம்பெனி என்ன செய்தது தெரியுமா? அந்தப் பதிவை வெளியிட்டது. பார்க்கருக்குக் கடைசிவரை அதில் ஆத்திரம். 1951இல் வேறு கம்பெனிக்காக அதே பாடலை மறுபடி வாசித்துப் பதிவு செய்தார்.

இன்னொரு விவரமும் உண்டு. டயல் கம்பெனியிடமிருந்து தனக்கு வரவேண்டிய ராயல்டியில் பாதியை அந்த ஹெராயின் வியாபாரிக்கே பார்க்கர் எழுதிக்கொடுத்திருந்தார். அவன் பட்டப்பெயரில் ஒரு உருப்படிக்குப் பெயரும் வைத்தார். கணேசன் கேட்ட கேள்விக்கு இதைவிட நேரான பதில் வேண்டுமா?

இப்போது மறுபக்கம். சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேனை 1957இல் குழுத் தலைவர் மைல்ஸ் டேவிஸ் ஹெராயின் பழக்கத்துக்காகக் குழுவிலிருந்து வெளியேற்றினார். கோல்ட்ரேன் பிலடெல்பியா போய், அறைக்குள் கிடந்து, பழக்கத்தை நிறுத்தினார். இன்று உலகம் அவரைக் கொண்டாடுவது எதற்கு? 1957க்குப் பிறகு வாசித்த பத்து ஆண்டு இசைக்கு. 1964 டிசம்பரில் பதிவான 'எ லவ் சுப்ரீம்' உறையில், 1957இல் தனக்குக் கிடைத்த அந்த விடிவுக்குக் கடவுளுக்கு நன்றி சொல்லி அவரே எழுதியிருக்கிறார். இன்னொரு சாக்ஸபோன்காரர் சன்னி ரோலின்ஸும் அப்படித்தான். கென்டக்கியின் லெக்ஸிங்டனில் இருந்த அரசுச் சிகிச்சை விடுதிக்குத் தானே போய்த் தங்கித் திருந்தி வந்தார். அவருடைய பெரிய பதிவுகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தெளிந்த மூளையில் பிறந்த இசை இது.

மலர்விழி_கேஎல்

பறவை, 'லவர் மேன்' இப்போதுதான் கேட்டேன். இரண்டாம் முறை கேட்க மனம் வரவில்லை.

யாழ்_தேவா

வணக்கம். நான் இருக்கிறது ரொறொன்ரோவில். கணேசன் அண்ணை எழுதினதில் ஒரு பக்கம் விடுபட்டுப் போச்சு. அதைச் சொல்லாமல் இருக்க ஏலாது.

எல்விஸுக்கு மருந்து எழுதிக் கொடுக்க வீட்டோடு ஒரு வைத்தியர் இருந்தார். கறுப்பின ஜாஸ் பாடகி பில்லி ஹொலிடேக்கு என்ன இருந்தது? பொலிஸ் இருந்தது.

அந்தக் காலத்தில் நியூயோர்க்கில் மதுபானம் விற்கிற இடங்களில் பாட வேண்டுமென்றால் பொலிசார் கொடுக்கிற கபரே அட்டை வேணும். போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்றால் அட்டை பறிபோகும். 1947இல் பில்லி ஹொலிடேக்குத் தண்டனை கிடைத்தது, மேற்கு வேர்ஜினியாவில் ஓல்டர்சன் சிறையில் இருந்தா. 1948 மார்ச்சில் வெளியே வந்து சில நாளிலேயே கார்னகி ஹோலில் பாடினா, டிக்கெற் ஒன்றும் மிஞ்சவில்லை. கார்னகி ஹோலில் பாடலாம், ஏனென்றால் அங்கே மது விற்கிறதில்லை. ஆனால் ஒரு பாடகி வாரா வாரம் சம்பாதிக்கிறது இரவு விடுதிகளில்தானே? நியூயோர்க்கில் அந்த வாசல் மிச்சக் காலம் முழுக்க அவவுக்குப் பூட்டியே கிடந்தது.

1959இல் ஈரலும் இதயமும் பழுதாகி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போதே கைது செய்தார்கள். வாசலில் பொலிஸ் காவல். ஜூலை 17 அன்று அங்கேயே இறந்தா. வயது 44. அந்த அட்டை முறையை நியூயோர்க் ஒழித்தது 1967இல்தான்.

ஆகவே பிரவீன் தம்பி, "வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்கிறது எல்லாருக்கும் பொருந்தாது. ஒரே பழக்கம். ஒருவருக்கு வைத்தியர், இன்னொருவருக்கு விலங்கு. தோல் நிறத்தையும் அவரிடமிருந்து வருகிற இலாபத்தையும் பார்த்துத்தான் எது என்று முடிவாகிறது. எனக்கு இதை எழுதும்போதே நெஞ்சு பொருமுது.

கிராமபோன்_கணேசன்

தேவா, நன்றி. இது இந்த இழையில் இருந்தே ஆக வேண்டிய பதிவு.

பிரவீன், நீங்கள் அறுபதுகளின் இசையைச் சொன்னீர்கள். பீட்டில்ஸ் முதன்முதலில் வாடிக்கையாக எடுத்தது எல்எஸ்டியோ கஞ்சாவோ இல்லை. பிரெலுடின் என்ற மாத்திரை. ஜெர்மனியில் உடல் இளைக்க விற்றது, பசியையும் தூக்கத்தையும் விரட்டும். 1960இல் ஹாம்பர்க்கின் ரீப்பர்பான் பகுதியில் இந்த்ரா என்ற விடுதியில் அவர்களுக்கு வேலை: வார நாட்களில் நாலரை மணி நேரம், வார இறுதியில் ஆறு மணி நேரம். ஜார்ஜ் ஹாரிசனுக்கு 17 வயது. பையன்கள் நள்ளிரவு தாண்டியும் வாசிக்க வேண்டும், கூட்டம் பீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மாத்திரை விடுதியிலேயே கைக்குக் கை கிடைத்தது. இதில் ஞானம் எங்கே, கலக எழுச்சி எங்கே? ஓவர்டைம்தான் இருக்கிறது.

அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடகர் ஜானி கேஷ் கதையும் இதேதான். ஊர் ஊராகக் காரில் ஓடிப் பாடிய காலத்தில் பற்றிக்கொண்ட ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்க மருந்துப் பழக்கம். 1965இல் எல் பாசோவில் அவரைப் பிடித்தபோது கிட்டார் பெட்டிக்குள் ஒளித்திருந்தவை ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாத்திரைகள். எழுப்பும் மாத்திரையும் அமர்த்தும் மாத்திரையும் கலந்து.

கம்பெனிகளின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க வானொலியில் பாட்டுப் போடக் காசு வாங்கும் பழக்கத்துக்கு பேயோலா என்று பெயர். 1960இல் அதைச் சட்டப்படி குற்றமாக்கினார்கள். பழக்கம் நிற்கவில்லை. எழுபதுகளில் காசோடு போதைப்பொருளும் கைமாறியது, பத்திரிகைகள் அதற்கு டிரகோலா என்றே பெயர் வைத்தன. எண்பதுகளில் 'சுயேச்சை விளம்பரதாரர்கள்' என்ற இடைத்தரகர்கள் வந்தார்கள். கம்பெனி அவர்களுக்குப் பில் போட்டுப் பணம் கொடுக்கும், அவர்கள் வானொலிக்காரரிடம் என்ன கொடுத்தார்கள் என்பது கம்பெனிக்குத் 'தெரியாது'. 1986இல் என்பிசி தொலைக்காட்சி இதை வெளியே கொண்டுவந்ததும், பெரிய கம்பெனிகள் அவர்களை அவசரமாகக் கைகழுவின. 1989இல் ஜோ இஸ்க்ரோ என்ற இடைத்தரகர் மீது வானொலி நிலையத்தாருக்குப் பணமும் கொகெய்னும் கொடுத்தார் என்று வழக்குப் பதிந்தார்கள். அரசுத் தரப்பு நடந்துகொண்ட முறை சரியில்லை என்று மறு ஆண்டே நீதிபதி தள்ளுபடி செய்தார், குற்றம் நிரூபணமாகவில்லை.

அந்தக் காலத்துக் கசாபிளாங்கா இசைத்தட்டுக் கம்பெனியைப் பற்றித் தனி இழையே போடலாம். டோனா சம்மரும் கிஸ் குழுவும் அங்கேதான். அலுவலகத்திலேயே கொகெய்ன் புழங்கியதை அங்கே வேலை பார்த்தவர்களே பின்னாளில் சொன்னார்கள். 1978இல் கிஸ் குழுவின் நான்கு பேருக்கும் நான்கு தனி ஆல்பம், ஒரே நாளில் வெளியீடு, லட்சக்கணக்கில் அச்சடித்துக் கடைகளுக்கு அனுப்பினார்கள். விற்காத தட்டுகள் மலைமலையாகத் திரும்பி வந்தன. பாடகன் அளவு மீறினால் கட்டுரை எழுதுகிறோம். கம்பெனி அளவு மீறினால் 'பொற்காலம்' என்கிறோம்.

கோவை_சாந்தி

வழக்கமாகப் படிப்பதோடு சரி, எழுத மாட்டேன். மைக்கேல் ஜாக்சன் பெயர் இன்னும் வரவில்லையே என்றுதான் எழுதுகிறேன். எனக்கு ஆபரேஷன் தியேட்டரில் வேலை. அவர் உயிரைக் குடித்த அந்த மருந்தைத் தினமும் கையில் எடுக்கிறவள்.

புரோபோஃபால் பார்க்கப் பால் மாதிரியே வெள்ளையாக இருக்கும். சோயா எண்ணெயில் கலந்திருப்பதால் அந்த நிறம். ஜாக்சன் அதைப் பால் என்றே குறிப்பிடுவார் என்று வழக்கில் பதிவாகியிருக்கிறது. நரம்பில் ஏற்றினால் ஒரு நிமிடத்துக்குள் நினைவு போய்விடும். நிறுத்தினால் சில நிமிடங்களில் திரும்பும். அளவு கொஞ்சம் கூடினாலும் மூச்சு நின்றுவிடும். இதை முறிக்க மாற்று மருந்து கிடையாது. மருந்து இறங்கும்வரை நோயாளிக்காக நாம் மூச்சு விட்டாக வேண்டும், அவ்வளவுதான் வழி.

அதனால் தியேட்டரில் அந்த சிரிஞ்சைத் தொடுவதற்கு முன்பே விரலில் ஆக்ஸிஜன் அளவு காட்டும் கிளிப், நெஞ்சில் ஈசிஜி ஒயர், கையில் பிபி கஃப் எல்லாம் மாட்டி, சத்தம் வருகிறதா என்று பார்த்திருப்போம். ஆக்ஸிஜன், சக்ஷன், தொண்டைக்குள் இறக்கும் டியூப், அழுத்திக் காற்றுக் கொடுக்கும் ஆம்பு பேக் எல்லாம் எட்டும் தூரத்தில். மயக்க மருத்துவர் தலைமாட்டை விட்டு நகரவே மாட்டார். ஒருவர் கூப்பிட்டால் கூடத் திரும்பிப் பார்க்காமல்தான் பதில் சொல்வார்.

லாஸ் ஏஞ்சலஸில் அந்த வாடகை வீட்டுப் படுக்கையறையில் என்ன இருந்தது? கான்ராட் முர்ரே இதய மருத்துவர், மயக்க மருத்துவர் அல்ல. தூக்கம் வரவில்லை என்று கேட்டவருக்கு வாரக்கணக்கில் இரவுதோறும் இதை ஏற்றியிருக்கிறார். விரல் கிளிப் இருந்தது, அதில் அலாரம் கிடையாது. 2009 ஜூன் 25 அன்று அறையை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்து பார்க்கும்போது மூச்சில்லை. மெத்தையில் கிடத்தியபடியே ஒரு கையால் நெஞ்சை அழுத்தியிருக்கிறார். மெத்தை அமுங்குமே தவிர நெஞ்சு அமுங்காது. இது பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லித் தருவது. ஆம்புலன்ஸைக் கூப்பிடவும் தாமதம்.

இன்னொன்று: இந்த மருந்து தருவது தூக்கமே இல்லை. மூளைக்கு அந்த ஓய்வு கிடைக்காது. அந்த மனிதர் தூங்கியதாக நினைத்துக்கொண்டு ஒத்திகைக்குப் போய்க்கொண்டிருந்தார். 50 வயது. லண்டனில் 50 நிகழ்ச்சிகள் காத்திருந்தன. எனக்கு அந்த அறையை நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

பேஸ்_பிரவீன்

சாந்தி அக்கா, இவ்வளவு விவரமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நன்றி.

ஆனாலும் நீதிமன்றம் என்ன சொன்னது என்பதையும் வைக்கிறேன். முர்ரேக்கு 2011இல் தண்டனை கிடைத்தது, நான்கு ஆண்டு. நிகழ்ச்சி நடத்திய ஏஇஜி லைவ் மீது ஜாக்சனின் தாயார் வழக்குப் போட்டார். 2013 அக்டோபரில் ஜூரி, நிறுவனம் பொறுப்பல்ல என்று தீர்ப்பளித்தது. முர்ரேயைக் கேட்டு வரவழைத்தது ஜாக்சன்தான். புரோபோஃபாலைக் கேட்டதும் ஜாக்சன்தான். 1984இல் விளம்பரப் படப்பிடிப்பில் தலையில் தீப்பிடித்த நாளிலிருந்து வலி மருந்தோடு போராடியவர். 1993இல் அதற்காகவே சுற்றுப்பயணத்தை நிறுத்தியவர். எல்லாப் பழியையும் கம்பெனி மீது போடுவது நியாயமா?

கிராமபோன்_கணேசன்

நியாயமான கேள்வி. ஜூரி சொன்னதை முழுசாகப் பார்ப்போம். முர்ரேயை ஏஇஜி பணியமர்த்தியதா என்ற கேள்விக்கு ஆம் என்றார்கள். எந்த வேலைக்கு அமர்த்தினார்களோ அந்த வேலைக்கு அவர் தகுதியற்றவரா என்ற கேள்விக்கு இல்லை என்றார்கள். அந்த இரண்டாவது பதிலோடு வழக்கு முடிந்தது. பொது மருத்துவம் பார்க்கத் தகுதி இருந்தது, சரி. நான் பார்ப்பது முதல் பதிலை.

பேசிய சம்பளம் மாதம் ஒன்றரை லட்சம் டாலர். முர்ரே கடனில் மூழ்கியிருந்தார். ஜாக்சன் இறப்பதற்குப் பதினோரு நாள் முன் நிறுவன அதிகாரி ஒருவர் அனுப்பிய மின்னஞ்சல் வழக்கில் வாசிக்கப்பட்டது. முர்ரேக்குச் சம்பளம் தருவது ஜாக்சன் அல்ல, நாம்தான் என்பதையும், அவரிடம் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்பதையும் அவருக்கு நினைவூட்ட வேண்டும் என்பது அதன் சாரம். கடைசியில் ஜாக்சன் கையெழுத்துப் போடாததால் ஒப்பந்தம் முழுமையாகவில்லை, முர்ரேக்கு ஒரு மாதச் சம்பளம் கூடக் கிடைக்கவில்லை.

சட்டப்படி யார் பொறுப்பு என்பதை ஜூரி சொல்லிவிட்டது, அதை நான் மறுக்கவில்லை. மருத்துவம் தெரிந்த யாரையாவது கேளுங்கள்: நோயாளி மேடை ஏறினால்தான் தனக்குச் சம்பளம் என்ற நிலையில் இருக்கும் மருத்துவர், "இவரால் முடியாது, ரத்து செய்யுங்கள்" என்று சொல்வாரா? நிக்கோபூலஸும் எல்விஸிடம் வீட்டுக்காகப் பெருந்தொகை கடன் வாங்கியவர்தான்.

ஒத்திகையில் எடுத்த காட்சிகளைச் சேர்த்து அதே ஆண்டு அக்டோபரில் படமாக வெளியிட்டார்கள். உலகம் முழுக்க 26 கோடி டாலருக்கு மேல் வசூல்.

மலர்விழி_கேஎல்

பெண்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஸ்டீவி நிக்ஸ், ஃப்ளீட்வுட் மேக் ராக் குழுவின் பாடகி. 1976இல் சாசலிட்டோ ஸ்டூடியோவில் 'ரூமர்ஸ்' ஆல்பம் பதிவானபோது கொகெய்ன் அங்கே சாதாரணம். ஆல்பம் நான்கு கோடிக்கு மேல் விற்றது, எல்லோரும் கொண்டாடினார்கள். 1986இல் அவர் பெட்டி ஃபோர்ட் போதை மீட்பு மையத்தில் சேர்ந்து கொகெய்னை விட்டார். நல்லபடியாக முடிய வேண்டிய கதை. ஆனால் மறுபடி விழுந்துவிடக்கூடாது என்று சுற்றியிருந்தவர்கள் ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள், அவர் குளோனசெபம் என்ற அமைதிப்படுத்தும் மருந்தை எழுதிக்கொடுத்தார். வருடா வருடம் அளவு ஏறிக்கொண்டே போனது. 1993 வரை அந்த மருந்தின் மந்தத்தில்தான் இருந்தார். அதிலிருந்து வெளியே வர 47 நாள் மருத்துவமனையில் கிடந்தார். கொகெய்னை விட அதை விடுவதுதான் கொடுமையாக இருந்தது என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நாற்பதை ஒட்டிய வயது, பாட்டு எழுதும் கை, எல்லாம் ஒரு மருந்துச்சீட்டில் போனது.

பாடகி விட்னி ஹூஸ்டன். 2012 பிப்ரவரி 11, பெவர்லி ஹில்டன் ஓட்டலில் குளியல் தொட்டியில் இறந்துகிடந்தார். கிராமி விருதுக்கு முந்தைய நாள். அவருடைய கம்பெனித் தலைவர் வருடாவருடம் கொடுக்கும் விருந்து அன்று மாலை அதே ஓட்டலில். விருந்து நடந்தது. மேல் மாடியில் உடல் இருக்கும்போதே கீழே நடந்தது. அவருக்கு அஞ்சலி செலுத்தித்தான் தொடங்கினார்கள் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு இரவு, ஒரே ஒரு இரவு, நிறுத்தியிருக்கலாம்.

புதியவன்_23

எங்கள் தலைமுறைக்கு அவிச்சி. ஸ்வீடன்காரர், மின்னணு நடன இசை டிஜே, உண்மைப் பெயர் டிம் பெர்க்லிங். 2012இல் 22 வயதில் குடியால் கணைய அழற்சி. 2014இல் பித்தப்பையையும் குடல்வாலையும் எடுத்தார்கள். வலிக்குக் கொடுத்த மருந்தும் பிரச்சினையானது. இத்தனைக்கும் நடுவில் சில வருடங்களில் 800 நிகழ்ச்சிகளுக்கு மேல். 2016இல் 26 வயதில் மேடையை விட்டே விலகினார். 2018 ஏப்ரலில் ஓமனில் தற்கொலை, வயது 28.

அவர் "முடியாது" என்று வாயைத் திறந்து சொன்னவர், பிரவீன் அண்ணா. அவரைப் பற்றிய ஆவணப்படத்தில் அது பதிவாகவே இருக்கிறது. சுற்றி இருந்தவர்கள் ரத்து செய்தால் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

புகழ்பெற்ற பாடகர்கள் 27 வயதில்தான் சாகிறார்கள், அது ஒரு சாபம் என்று ஒரு பேச்சு சுற்றுகிறதே, அது உண்மையா?

நூலகத்துப்_பறவை

இல்லை, தம்பி. பிரிட்டனில் முதலிடம் பிடித்த ஆல்பங்களின் இசைக்கலைஞர்கள் 1,046 பேரை வைத்து 2011இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஆய்வு வந்தது. 27இல் தனியாக எந்த ஏற்றமும் இல்லை. ஆனால் இருபதுகளிலும் முப்பதுகளிலும் அவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களை விட இரண்டு மூன்று மடங்கு. சாபம் என்று சொன்னால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, அதனால்தான் அந்தப் பேச்சு எல்லோருக்கும் பிடிக்கிறது.

27 வயதுப் பட்டியலில் வரும் பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸைப் பாருங்கள். 2011 ஜூலையில் இறந்தபோது உடலில் சட்டவிரோத போதை எதுவும் இல்லை. மது மட்டும், வண்டி ஓட்ட அனுமதித்த அளவைப் போல ஐந்து மடங்கு. அதற்கு ஒரு மாதம் முன், ஜூன் 18 அன்று, நிற்கவே முடியாத நிலையில் பெல்கிரேடில் மேடை ஏறினார். கூட்டம் ஊளையிட்டது. அவரை மேடை ஏற விட்டது எந்தச் சாபமும் இல்லை.

மட்டுறுத்துநர்

நல்ல விவாதம். ஒரு வேண்டுகோள்: மருந்துகளின் அளவு, கலவை பற்றிய கேள்விகள் தனிமடலில் வந்திருக்கின்றன. அவற்றுக்கு யாரும் இங்கே பதில் எழுத வேண்டாம். இதைப் படித்து மனம் கனத்துப் போனவர்கள், இந்தியாவில் இருந்தால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் பேசலாம். தமிழிலும் பேசுவார்கள், இலவசம்.

பேஸ்_பிரவீன்

தனிமனிதப் பொறுப்பு என்று ஒன்று உண்டு என்பதில் நான் இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறேன். கோல்ட்ரேன் விட்டாரே, அது அவருடைய மன உறுதிதானே? ஆனால் அவிச்சி விஷயத்தில் புதியவன் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. கணேசன் சார், அப்படியானால் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?

கிராமபோன்_கணேசன்

கோல்ட்ரேனின் மன உறுதியை யார் மறுப்பார்கள்? ஆனால் அவருக்கு முன்னால் மைல்ஸ் டேவிஸ் என்ற ஒருவர் இருந்தார். இந்த நிலையில் நீ மேடை ஏற வேண்டாம் என்று அனுப்பினார். எல்விஸைச் சுற்றி அப்படிச் சொன்னவர்களுக்கு வேலை போனது, அதை நீங்களேதான் எடுத்துக் காட்டினீர்கள்.

எனக்குத் தெரிந்து உருப்படியான ஒரு காரியத்தைச் செய்தவர் பட்டி ஆர்னால்ட். சாக்ஸபோன்காரர், அதிகம் பேருக்குத் தெரியாது. ஹெராயினால் சிறை வரை போய்வந்தவர். 1992இல் இசைக்கலைஞர்களுக்கென்று ஒரு உதவித் திட்டம் தொடங்கினார். கையில் காசில்லாத, பாட்டு எதுவும் ஓடாத கலைஞனுக்கும் சிகிச்சைக்கு வழி செய்தார். நாளைக்கு இவன் மேடை ஏறுவானா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. 2004இல் அது இசைக்கலைஞர்களுக்கு உதவும் மியூசிகேர்ஸ் அமைப்போடு இணைந்தது, இன்றும் நடக்கிறது.

நான் கேட்பது இரண்டு. சுற்றுப்பயணத்தில் கூட வரும் மருத்துவருக்கு நிகழ்ச்சி நடத்துபவர் சம்பளம் தரக்கூடாது, பாடகரும் நேரடியாகத் தரக்கூடாது. நிகழ்ச்சி நடந்தாலும் ரத்தானாலும் அவருக்கு வரும்படி ஒன்றாகவே இருக்க வேண்டும். இரண்டாவது, மருத்துவர் நிறுத்து என்றால் அந்த நஷ்டம் பாடகர் தலையில் விழாதபடி ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

அமெரிக்கப் பாப் பாடகர் பிரின்ஸ் பற்றி யாராவது எழுதுங்கள். 2016 ஏப்ரலில் இறப்பதற்கு ஆறு நாள் முன் நடுவானில் மயங்கி, மொலைன் விமான நிலையத்தில் அவசரமாக இறக்கி, மருந்து கொடுத்து உயிரை மீட்டார்கள். அந்த ஆறு நாளில் நடந்தது என்ன என்பதை முழுசாக வைத்துப் பேச வேண்டும். இடுப்பு வலியோடு மேடையில் ஆடியவர், வலி மாத்திரை என்று நம்பி விழுங்கிய போலி மாத்திரையில் ஃபென்டனில் என்ற மிக வீரியமான வலி மருந்து இருந்தது. யார் கொடுத்தார்கள் என்பதே தெரியாமல் 2018இல் விசாரணையை மூடிவிட்டார்கள்.

கோவை_சாந்தி

நான் எழுதுகிறேன் சார். நாளைக்கு நைட் டியூட்டி முடிந்து வந்ததும் எழுதிப் போடுகிறேன். ஃபென்டனிலும் எங்கள் தியேட்டரில் இருக்கும் மருந்துதான், அது மைக்ரோகிராம் கணக்கில் அளந்து கொடுப்பது.